ஒரு பிரெஞ்சு ஊர்ப்பெயரின் வேரைத் தேடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

பாரிசுக்குத் தெற்கே விமான நிலையம் இருக்கும் ஓர்லியைப் பலருக்கும் தெரியும். அங்கிருந்து பல நூறு கிலோமீட்டர் தெற்கே மலைப்பகுதியில், குடைத் தயாரிப்புக்குப் பேர்போன ஓரியாக் என்ற நகரம் இருக்கிறது. இரண்டும் ஒரே பெயர். அவ்ரேலியுஸ் என்பவரின் பண்ணை என்ற பொருளில் 'அவ்ரேலியாகம்' என்று பிறந்த பெயர் வடக்கத்திக்காரர் வாயில் தேய்ந்து ஓர்லி ஆனது. தெற்கே வேறு விதமாகத் தேய்ந்து ஓரியாக் ஆனது. இன்றைய பெயர்ப் பலகைகளை எத்தனை நேரம் உற்றுப் பார்த்தாலும் இந்த உறவு கண்ணில் படாது.

ஊர்ப்பெயர் ஆய்வில் இன்றைய பெயர்தான் கடைசிச் சாட்சி. ஆயிரம், இரண்டாயிரம் ஆண்டுகளில் எத்தனையோ வாய்களையும் கைகளையும் தாண்டி வந்த சாட்சி அது. அதை முதலில் விசாரிக்கக் கூடாது. எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய வடிவத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து இன்றைக்கு நடந்து வர வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறவர்கள்தான் கட்டுக்கதை எழுதுகிறார்கள்.

பிரான்சில் வாழும் நம்மவர்கள் லா கூர்னேவ், பொபிஞி, கிரெத்தேய் என்று தினமும் உச்சரிக்கிறோம். ரயில் நிலையப் பெயராக மட்டும் அவற்றை விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை. நீங்கள் இருக்கும் ஊரிலிருந்தே தொடங்கலாம். ஒரு நோட்டை எடுத்து நான்கு கட்டம் போடுங்கள்: ஆண்டு, எழுதியிருக்கும் வடிவம், எந்த ஆவணம், மூலப் பிரதியா நகலா. நான்காவது கட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பின்னால் அதுதான் உங்களைக் காப்பாற்றும்.

படி 1: எந்த ஊர் என்பதை உறுதி செய்யுங்கள்

பிரான்சில் கம்யூன் எனப்படும் உள்ளாட்சிகள் மட்டும் ஏறத்தாழ 35,000. ஒரே பெயரில் பத்துப் பதினைந்து ஊர்கள் இருப்பது சாதாரணம். அதனால் தேசியப் புள்ளியியல் நிறுவனமான இன்சே ஒவ்வொரு கம்யூனுக்கும் கொடுத்திருக்கும் குறியீட்டு எண்ணை நோட்டின் தலைப்பில் எழுதிவிடுங்கள். பழைய ஆவணத்தில் வரும் 'சவிஞி' உங்கள் சவிஞிதானா, பக்கத்து மாவட்டத்துச் சவிஞியா என்ற கேள்வி கட்டாயம் வரும்.

அடுத்து, பெயரின் வாலைக் கழற்றுங்கள். 'சுர்-மார்ன்' என்றால் மார்ன் நதிக்கரை. 'சூ-புவா' என்றால் காட்டடி. இவற்றில் பெரும்பாலானவை ஒரே பெயருள்ள ஊர்களைப் பிரித்தறியப் பிற்காலத்தில் ஒட்டியவை. வேர் முன்பகுதியில் இருக்கிறது.

வால் சில நேரம் தனிக்கதை சொல்லும். வித்ரி-லு-பிரான்சுவா என்ற நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1544இல் பேரரசர் ஐந்தாம் சார்லசின் படை வித்ரி-ஆன்-பெர்த்துவா என்ற ஊரை எரித்தது. மறு ஆண்டு மன்னர் முதலாம் பிரான்சுவா அருகிலேயே புது நகரம் எழுப்பித் தன் பெயரைக் கொடுத்தார். 'வித்ரி' என்ற சொல் உரோமர் காலத்து 'விக்தோரியாகம்'. ஆனால் அந்தப் பழம்பெயர் பிறந்த மண் புது நகரத்தின் மண் அல்ல. பெயரும் குடிபெயரும். பெயரின் வயதை ஊரின் வயதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பெயரே புதிதாக இருக்கலாம் என்பதையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். இலியே என்ற ஊர் எழுத்தாளர் மார்செல் புரூஸ்தின் நாவலில் வரும் கற்பனை ஊரின் பெயரைச் சேர்த்துக்கொண்டு 1971இல் இலியே-கோம்ப்ரே ஆனது. 2010க்குப் பின் கம்யூன்கள் இணைந்தபோது புதிதாகக் கோத்த பெயர்களும் ஏராளம்.

படி 2: வரைபடங்கள் வழியாகப் பின்னோக்கி நடங்கள்

19ஆம் நூற்றாண்டிலிருந்து தொடங்குவது நல்லது. 1807 செப்டம்பர் 15ஆம் நாள் சட்டத்தால் தொடங்கிய நெப்போலியன் காலத்து நில அளவைப் படங்கள் மாவட்ட ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. பெரும்பாலானவற்றை இணையத்திலேயே பார்க்கலாம். இவற்றில் ஊர்ப்பெயர் மட்டுமல்ல, வயல், மேடு, ஓடை ஒவ்வொன்றின் பெயரும் இருக்கும். ஒரு கிராமத்தின் பெயர் புரியாதபோது பக்கத்து வயலின் பெயர் விளக்கிவிடுவதுண்டு.

அதற்கு முந்தையது கசினி குடும்பத்தார் 18ஆம் நூற்றாண்டில் எடுத்த நாடு தழுவிய வரைபடம். அளவு 1:86,400. விசித்திரமான எண்ணாகத் தோன்றும், ஆனால் கணக்கு எளிது. அக்கால நீட்டலளவையில் ஒரு 'துவாஸ்' என்பது 864 'லீஞ்'. படத்தில் ஒரு லீஞ் நிலத்தில் 100 துவாஸ். பிரான்சின் தேசியப் புவியியல் நிறுவனம் இந்தப் படத்தை இன்றைய வரைபடத்தின் மேல் விரித்துப் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. உங்கள் ஊரின் மேல் சுட்டியை வைத்து, கசினி எப்படி எழுதினார் என்று பாருங்கள். ஆனால் அங்கே நின்றுவிடாதீர்கள். வெளியூர் அளவையர் காதில் விழுந்ததை எழுதிய இடங்கள் அதில் உண்டு.

இடையில் புரட்சிக் கால ஆண்டுகளில் ஒரு பள்ளம் வரும். 1793, 1794இல் அரசரையும் புனிதர்களையும் நினைவூட்டும் பெயர்களைத் துடைத்தெறிந்தார்கள். சேன்-தெனி 'பிரான்சியாத்' ஆனது. தங்களை எதிர்த்த மார்செய்க்குத் தண்டனையாகப் 'பெயரற்ற நகர்' என்று பெயர் வைத்தார்கள். பெரும்பாலும் சில ஆண்டுகளில் பழைய பெயர்கள் திரும்பின. அக்கால ஆவணத்தில் உங்கள் ஊரைக் காணவில்லை என்றால் வேறு பெயரில் தேடுங்கள்.

படி 3: மிகப் பழைய எழுத்தைப் பிடியுங்கள்

வேலையின் பாதி இதுதான். முதலில் உங்கள் மாவட்டத்துக்கு 'பிரான்சின் இடவியல் அகராதி' வரிசையில் ஒரு தொகுதி இருக்கிறதா என்று பாருங்கள். 1861இல் ஏர்-எ-லுவார் மாவட்டத்துக்கு வெளிவந்ததிலிருந்து தொடங்கிய வரிசை அது. எல்லா மாவட்டங்களுக்கும் வரவில்லை. இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். ஒவ்வொரு பெயருக்கும் பழைய வடிவங்களை ஆண்டு, ஆவணத்தோடு அடுக்கியிருப்பார்கள். இல்லையென்றால், தேசிய நூலகத்தின் காலிக்கா தளத்தில் மடங்களின் நிலப்பத்திரத் தொகுப்புகளையும் மறைமாவட்டக் கோயில் வருவாய்ப் பட்டியல்களையும் தேட வேண்டும். அச்சில் வந்தவை பல. கடைசியில் பெயரகராதி இருக்கும், அதிலிருந்து நுழையுங்கள்.

பாரிஸ் சுற்றுவட்டாரத்துக்கு ஒரு புதையல் இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேன்-ஜெர்மேன்-தெ-பிரே மடத்தின் தலைவர் இர்மினோன், மடத்துக்குச் சொந்தமான பண்ணைகளையும் குடியானவர்களையும் கணக்கெடுத்து எழுதினார். இன்றைய பலேசோ அதில் 'பலாத்தியோலம்', சிறு அரண்மனை, என்று வருகிறது. வில்நேவ்-சேன்-ஜோர்ஜ் அப்போதே 'வில்லா நோவா', புதுப் பண்ணை. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் புதிதாக இருந்த பண்ணை இன்றும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

இன்னும் பின்னே போனால் உரோமர் காலச் சாலைப் பட்டியல்கள், அந்தச் சாலைகளைக் காட்டும் பொய்த்திங்கர் வரைபடம், 6ஆம் நூற்றாண்டில் தூர் நகர ஆயர் கிரெகோரி எழுதிய வரலாறு, மெரோவிங்கிய மன்னர் காலத்து நாணயங்களில் பொறித்த ஊர்ப்பெயர்கள். பொய்த்திங்கர் வரைபடம் நமக்குக் கிடைப்பது இடைக்காலத்தில் எடுத்த பிரதியாக மட்டுமே. நகலெடுத்தவர் எழுத்தை மாற்றிப் படித்த இடங்கள் உண்டு. நான்காவது கட்டம் எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும்.

இங்கே ஒரு பெரிய எச்சரிக்கை. லத்தீனில் இருப்பதாலேயே ஒரு வடிவம் பழையது ஆகிவிடாது. ஊர்ப் பேச்சில் கேட்ட பெயரைத் தனக்குத் தோன்றியபடி லத்தீனாக மொழிபெயர்த்து எழுதிய எழுத்தர்கள் எல்லா நூற்றாண்டிலும் இருந்தார்கள். ஃபோந்தேன்புளோ இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அரண்மனை நகரமான அதன் பெயரை 'ஃபோந்தேன் பெல் ஓ', அதாவது அழகிய நீரூற்று, என்று விளக்கி, அதற்கேற்ற லத்தீனும் பிற்காலத்தில் செய்துவிட்டார்கள். ஆனால் 12ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் ஊற்று என்ற சொல்லுக்குப் பின் நிற்பது 'பிளியோ' போன்ற ஒரு ஜெர்மானிய ஆள்பெயர். யாரோ ஒருவருடைய ஊற்று, அவ்வளவுதான். அழகு பின்னால் சேர்ந்தது. ஆண்டு வாரியாக அடுக்கிப் பார்த்தவருக்கு இது ஒரு நிமிட வேலை. இன்றைய பெயரிலிருந்து தொடங்கியவர் நூற்றாண்டுக் கணக்கில் ஏமாந்தார்.

படி 4: எந்த மொழி அடுக்கு?

ஆவணம் கையில் வந்த பிறகுதான் மொழியைப் பற்றிப் பேச வேண்டும். பிரான்சு நிலத்தில் மொழிகள் வண்டல் படிவதுபோல் அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன.

அடியில் ஆற்றுப் பெயர்கள். பொதுவாக ஊர்ப்பெயர்களைவிட மூத்தவை. அதற்கு மேல் கோல் மொழி, அதாவது உரோமர் வருமுன் அங்கே பேசிய கெல்டிய மொழி. சில சொற்களை மனப்பாடம் செய்துவிட்டால் நாடே வேறு மாதிரி தெரியும். 'தூனோன்' கோட்டை: லுக்தூனம் லியோன் ஆனது, விரோதூனம் வெர்தன் ஆனது. 'மாகோஸ்' சந்தைவெளி: ரோத்தோமாகுஸ் ருவான் ஆனது. நோவியோமாகுஸ், புதுச் சந்தை, பிரான்சில் நுவாயோன் ஆனது, நெதர்லாந்தில் நைமேகன் ஆனது. 'பிரீவா' பாலம். 'கோந்தாத்தே' ஆறுகள் கூடும் இடம். 'இயாலோ' காட்டில் வெட்டிய வெளி, இன்று 'ஏய்' என்று முடியும் அர்ஜான்தேய், வெர்னேய் எல்லாம் இந்தக் குடும்பம்.

பெருநகரங்களுக்கு ஒரு தனி விதி உண்டு. உரோமப் பேரரசின் பிற்பகுதியில் பல தலைநகரங்கள் தங்கள் சொந்தப் பெயரை இழந்து சுற்றியிருந்த இனக்குழுவின் பெயரை ஏற்றன. லுத்தேசியா பாரிசி மக்களால் பாரிஸ் ஆனது. துரோகோர்தோரம் ரேமி மக்களால் ரேன்ஸ் ஆனது. 'சொம் ஆற்றுப் பாலம்' என்று பொருள்பட்ட சமரோபிரீவா அம்பியானி மக்களால் அமியான் ஆனது. ஆகவே பெரிய பழைய நகரம் என்றால், நிலவியல்புச் சொல்லைத் தேடுமுன் இனக்குழுப் பட்டியலைப் பாருங்கள்.

அடுத்தது நான் மிகவும் நேசிக்கும் அடுக்கு: 'ஆகம்'. கோல் மொழிப் பின்னொட்டை லத்தீன் எடுத்துக்கொண்டு, நில உரிமையாளர் பெயரோடு சேர்த்தது. சபினுஸ் அல்லது சபினியுஸ் என்பவரின் பண்ணை 'சபினியாகம்'. இந்த ஒரு சொல் பாரிஸ் பக்கம் சவிஞி, தென்மேற்கில் சவிஞாக், மேற்கே சவிஞே, லியோன் பக்கம் சவிஞு. நான்கும் வெவ்வேறு ஊர்கள், சொல் ஒன்று. எனவே 'ஆக்' என்ற முடிவைக் கண்டால் தெற்கு, 'ஈ' என்றால் வடக்கு, 'ஏ' என்றால் மேற்கே, பிரான்சின் வடமேற்கு மூலையான பிரித்தானிப் பக்கம் என்று முதற்கணிப்பு செய்யலாம். பொபிஞியும் இந்தக் குடும்பம்தான்: பல்பினுஸ் என்பவரின் பண்ணை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். பழைய ஆய்வாளர்கள் சிலர் ஒவ்வோர் ஊருக்கும் ஓர் உரோமரை உருவாக்கிக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஆள்பெயர் கல்வெட்டிலோ நாணயத்திலோ உண்மையில் இருக்கிறதா என்று பார்க்காமல் ஏற்காதீர்கள்.

பிறகு ஜெர்மானியர். வடக்கிலும் லொரேனிலும் 'கூர்' என்று முடியும் ஊர்களில் முன்பகுதி பெரும்பாலும் ஒரு பிராங்கியப் பெயர். மொசேலில் 'இங்கன்' என்ற ஜெர்மன் ஈறு பிரெஞ்சு வாயில் மாறி ஊர்ப்பெயர்களின் கடைசியில் நிற்கிறது. சொல் வரிசையும் தடயம்தான். 'புது' என்ற பெயரடை முன்னால் நிற்கும் நேவில், நேஷாத்தோ வடக்கிலும் கிழக்கிலும் அதிகம். பின்னால் நிற்கும் வில்நேவ், ஷாத்தோநேஃப் தெற்கில் அதிகம். பொருள் ஒன்றே.

நார்மண்டியில் வைக்கிங்குகள். 911இல் அவர்கள் தலைவர் ரோலோவுக்கு நிலம் கொடுத்த பிறகு அவர்களுடைய நோர்ஸ் மொழிச் சொற்கள் வேரூன்றின: 'பெக்' ஓடை, 'தோ' மனை. கோத்பெக் என்றால் குளிர்ந்த ஓடை. பிரித்தானியில் 'புளூ' திருச்சபைப் பங்கு, 'லொக்' புனித இடம், ஆகவே லொக்ரொனான் புனித ரொனானின் இடம். வடகோடியில் ஃபிளெமிஷ்: டன்கிர்க், மணல்மேட்டுக் கோயில். தென்கரையில் கிரேக்கம்: 'எதிர் நகரம்' என்ற அந்திபோலிஸ் இன்றைய அந்தீப்.

படி 5: ஒலியைக் கணக்குப் பாருங்கள்

ஊகம் சரியா என்பதை ஒலி மாற்ற விதிகள் சோதிக்கும். ஓர்லியையே போட்டுப் பார்ப்போம். 'அவ்ரேலியாகம்' என்பதில் 'அவ்' பிரெஞ்சில் 'ஓ' ஆகும். நடுவில் அழுத்தமில்லாத 'ஏ' உதிரும். 'இயாகம்' வடக்கில் 'ஈ' ஆகச் சுருங்கும். ஓர்லி. ஒவ்வொரு மாற்றமும் அதே வட்டாரத்தின் வேறு ஊர்களிலும் நடந்திருக்க வேண்டும். ஒரே ஓர் ஊருக்காக ஒரு விதியைக் கண்டுபிடிக்க நேர்ந்தால், ஊகம் தவறு என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஓர்லேயானும் ஓர்லியும் காதுக்கு ஒன்றுபோல இருக்கும். ஆனால் ஓர்லேயான் அவ்ரேலியானுஸ் என்ற வேறு பெயரிலிருந்து வந்தது, பின்னொட்டும் வேறு.

வட்டாரத்தையும் சேர்த்துப் பாருங்கள். லத்தீன் 'கஸ்தெல்லம்' பாரிஸ் பக்கம் 'ஷாத்தோ', தெற்கிலும் நார்மண்டி, பிக்கார்தியிலும் 'க' மாறாமல் நிற்கும்.

விதிக்கு மேலே மனித மனம் விளையாடும் இடமும் உண்டு. கார் பந்தயத்தால் உலகறிந்த லு மான் நகரம் சேனோமானி என்ற இனக்குழுவின் பெயர். காலப்போக்கில் முதல் அசை, பழைய பிரெஞ்சில் 'இந்த' என்று பொருள்படும் சொல்போலக் காதில் விழுந்தது. சரி, 'இந்த மான்' எதற்கு என்று அதை எடுத்துவிட்டு, ஆங்கிலத்து 'the' போன்ற 'லு' என்ற சுட்டுச்சொல்லை வைத்தார்கள். பெயரின் தலை போய்த் தொப்பி வந்தது. இதற்கு நேர்மாறு லீல் நகரம். 'தீவு' என்ற சொல்லோடு சுட்டுச்சொல் ஒட்டிப் பிறந்தது அது. 1066ஆம் ஆண்டுப் பட்டயத்தில் லத்தீனில் தீவு என்றே இருக்கிறது, டச்சுக்காரர் சொல்லும் ரைசல் என்ற பெயரிலும் அதே தீவு ஒளிந்திருக்கிறது. அண்டை மொழியில் உங்கள் ஊருக்கு என்ன பெயர் என்று எப்போதும் கேளுங்கள்.

படி 6: நேரில் போய் நில்லுங்கள்

நிலம் பொய் சொல்லாது. 'கோந்தாத்தே' என்று கணித்தால் அங்கே இரண்டு ஆறு கூட வேண்டும். வியென் ஆறு லுவாரில் கலக்கும் கான்து-சேன்-மார்த்தேனில் கரையில் நின்றால் பெயரின் பொருள் கண்ணுக்கு முன்னால் ஓடுகிறது. ரென் நகரத்தின் பழைய பெயரும் கோந்தாத்தே. அங்கே இல், விலேன் ஆறுகள் சேர்கின்றன.

நிலத்தில் கண்ணுக்குத் தெரியாததும் உண்டு. ஆங்கிராந்து, எகுராந்து என்று வரும் பெயர்கள் எல்லை என்று பொருள்படும் கோல் மொழிச் சொல்லின் வாரிசுகள். அங்கே போனால் வெறும் வயல்தான் தெரியும். ஆனால் வரைபடத்தை விரித்தால், பழைய இனக்குழுக்களின் எல்லை அந்த வழியாகப் போயிருக்கும். அதன் மேல் மறைமாவட்ட எல்லை அமர்ந்து, பிறகு மாகாண எல்லை அமர்ந்து, சில இடங்களில் இன்றைய மாவட்ட எல்லை வரை நீண்டிருக்கும்.

போனால் ஊர்ப் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். எழுத்தில் இருப்பதும் வாயில் இருப்பதும் வேறுபடும். வாயில் இருப்பது பல நேரம் பழையது. ஊர்க்காரரைக் குறிக்கும் சொல்லையும் கேளுங்கள். எவ்ரு நகரத்தார் 'எப்ரோயிசியான்', எபுரோவிசேஸ் என்ற பழங்குடிப் பெயர். பெசான்சோன்காரர் 'பிசோந்தேன்', உரோமர் கால வெசோந்தியோ. ஆனால் இந்தச் சொற்களில் பல படித்தவர்கள் பிற்காலத்தில் செய்தவை. ஃபோந்தேன்புளோ மக்களைக் குறிக்கும் சொல் அந்தப் பொய்யான 'அழகிய ஊற்றின்' மேல்தான் நிற்கிறது. அதைத் தடயமாக வைத்துக்கொள்ளுங்கள், ஆதாரமாக அல்ல.

படி 7: புனிதர்களிடம் கவனம்

'சேன்' என்று தொடங்கினால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். புனிதர் பெயருக்கு அடியில் பழைய பெயர் புதைந்திருக்கலாம். பாரிசை ஒட்டிய சேன்-குளூ முன்பு 'நோவியெந்தம்', புதுக் குடியிருப்பு. நோஜான் என்ற ஊர்கள் எல்லாவற்றுக்கும் அதே மூலம். மாறாக, புனிதர் ஒளிந்தும் இருப்பார். 'தோம்' என்று தொடங்கும் பெயர்களில் 'தலைவர்' என்ற மரியாதைச் சொல்லில் புனிதர் நிற்கிறார். ஜோன் ஆஃப் ஆர்க் பிறந்த தோம்ரெமி, புனித ரெமியின் ஊர்.

என்னை முதலில் தடுக்கி விழ வைத்தது லுவார் கரையில் இருக்கும் சேன்-மார். எழுத்தில் 'ஐந்து மார்ச்' என்று இருக்கிறது. ஐந்து என்ன, எந்த மார்ச் என்று நீண்ட நாள் தேடினேன். எண்ணுக்கும் மாதத்துக்கும் சம்பந்தமே இல்லை. 'ஐந்து' என்ற சொல்லும் 'புனித' என்ற சொல்லும் அங்கே காதுக்கு ஒன்றாகவே கேட்கும். 'மார்' என்பது மெதார் என்ற புனிதரின் பெயர் தேய்ந்தது. ஊர்க் கோயிலும் அவருக்கே உரியது. கோயில் யாருக்குரியது என்று முதல் நாளே பார்த்திருந்தால் போதும்.

படி 8: வரலாறு நேரடியாகச் சொல்லும் பெயர்கள்

சில பெயர்களுக்கு ஒலி விதியும் வேண்டாம், கோல் மொழியும் வேண்டாம். பிரித்தானிக் கரையில் இருக்கும் லோரியான் அப்படி. 1664இல் அமைந்த பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1666இல் அங்கே கப்பல் கட்டும் துறையை நிறுவியது. அங்கே கட்டிய பெரிய கப்பலின் பெயர் 'சொலேய் தோரியான்', கீழைச் சூரியன். கப்பலின் பெயர் துறைக்கும் துறையின் பெயர் நகரத்துக்கும் வந்தது. 'கிழக்கு' என்பதே அந்த ஊரின் பெயர். அது குறித்த கிழக்கில் நம் புதுச்சேரியும் அடக்கம். அங்கிருந்து துணிப் பொதிகள் அந்தத் துறையில்தான் இறங்கின. இப்படிப்பட்ட பெயருக்குக் கம்பெனிக் கணக்குகளும் கப்பல் பதிவேடுகளும்தான் அகராதி.

படி 9: முடிவை எழுதும் முறை

'இந்தப் பெயரின் பொருள் இதுதான்' என்று ஒரே வரியில் எழுதாதீர்கள். பெயரைத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் எவ்வளவு உறுதி என்று தனித்தனியே சொல்லுங்கள். என் நோட்டில் கிரெத்தேய்க்கு இருக்கும் பதிவு இது:

ஆண்டு: 9ஆம் நூற்றாண்டு. வடிவம்: 'கிரிஸ்தோயிலம்'. ஆவணம்: சேன்-ஜெர்மேன்-தெ-பிரே மடத்துத் துறவி உசுவார் தொகுத்த மறைசாட்சிகள் பட்டியல். பின்பகுதி: 'இயாலோ', காட்டு வெளி, உறுதி, சுற்றுவட்டாரத்தில் இதே ஈறு பல. முன்பகுதி: மேட்டு முகடு என்ற சொல் ஒரு கருத்து, கிறிஸ்து என்பது இன்னொரு கருத்து. இரண்டாவது பரவியதற்குக் காரணம் உசுவார் அந்த ஊரோடு மறைசாட்சிகளைச் சேர்த்து எழுதியது. அடுத்து செய்ய வேண்டியது: பழைய குடியிருப்பு இருந்த இடத்தின் மேடு பள்ளத்தைப் போய்ப் பார்ப்பது.